மங்கல் ஒளியைத் தேடிய விஞ்ஞானி

வானத்தில் பளிச்சென்று மின்னுவதை எல்லோரும் பார்ப்பார்கள். கண்ணுக்கு எட்டாத மங்கல் ஒளியை யார் தேடுவார்கள்?

தேடினார் ஒருவர். அவர்தான் பிரிட்ஸ் சுவிக்கி.

வியாபாரம் படிக்கப் போனவர்

சுவிக்கி 1898-ம் ஆண்டு பல்கேரியா நாட்டில், வர்ணா என்ற துறைமுக நகரில் பிறந்தார். தந்தை சுவிட்சர்லாந்துக்காரர்.

6 வயதில் அவரைச் சுவிட்சர்லாந்தில் இருந்த தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பையன் வியாபாரம் படிக்க வேண்டும் என்பது பெற்றோர் விருப்பம். பையனின் மனமோ கணக்கிலும் பௌதிகத்திலும் சென்றது.

சூரிச் நகரில் படித்துப் பட்டம் பெற்றார். 1925-ல் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவில் பேராசிரியர் ஆனார். ஆனாலும் கடைசி வரை சுவிஸ் குடிமகனாகவே இருந்தார்.

சிறிய டெலஸ்கோப்

1936-ல் பாலோமர் மலையில் ஒரு டெலஸ்கோப் அமைக்கப்பட்டது. அதன் அகலம் 18 அங்குலம்தான். ஆனால், வானத்தின் பெரும்பரப்பை அது ஒரே படத்தில் பிடித்துவிடும்.

சுவிக்கி இரவெல்லாம் விழித்திருந்து படம் பிடித்தார். வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களை, தம் வாழ்நாளில் நூற்றுக்கு மேல் கண்டுபிடித்தார்.

வால்களும் பாலங்களும்

கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்தது ஒரு நட்சத்திர மண்டலம். நமது சூரியனும் அப்படி ஒரு மண்டலத்தில் இருக்கிறது. ஒரு மண்டலத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றும் இல்லை, வெறும் வெளிதான் என்று பலர் நினைத்திருந்தார்கள்.

சுவிக்கி அதை ஏற்கவில்லை. 'கோமா' என்ற மண்டலக் கூட்டம் சுமார் 32 கோடி ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கிறது. அதன் இடைவெளிகளில் மங்கிய ஒளி பரவியிருப்பதாக 1951-ல் எழுதினார். வேறு படங்களில், இரண்டு மண்டலங்களை இணைக்கும் ஒளிப் பாலங்களையும், நீண்ட ஒளி வால்களையும் கண்டார்.

மண்டலங்கள் நெருங்கி வரும்போது ஒன்றை ஒன்று இழுப்பதால் இவை உண்டாகலாம் என்று கருதினார். பலர் நம்பவில்லை. வெறும் ஈர்ப்பு விசை இவ்வளவு மெல்லிய இழைகளை உண்டாக்குமா என்று கேட்டார்கள்.

சுவிக்கி கோபக்காரர். சக விஞ்ஞானிகளோடு சண்டை போடுவார். அதனால் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு.

ஆனால் அவர் மனம் இளகியது. உலக யுத்தத்தில் பாழான நூல்நிலையங்களுக்கு, விஞ்ஞானப் புத்தகங்களைச் சேகரித்து மூட்டை மூட்டையாக அனுப்பினார்.

கணக்குச் சொன்ன சாட்சி

1972-ல் டூம்ரே சகோதரர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்கள். இரண்டு மண்டலங்களை நெருங்கவிட்டுப் பார்த்தார்கள். வாலும் வந்தது! பாலமும் வந்தது! ஈர்ப்பு விசையே போதும் என்று தெரிந்தது.

அதைப் பார்க்கச் சுவிக்கி உயிரோடு இருந்தார். 1974-ல் காலமானார். அவர் உடல் சுவிட்சர்லாந்து மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது.

ஓரத்தில் உள்ள சரித்திரம்

மங்கல் ஒளியில் அப்படி என்ன இருக்கிறது?

சந்தைத் தெருவில் பதிந்த கால் தடம் உடனே அழிந்துவிடும். ஊர்க் கோடி மணலில் பதிந்தது வெகு நாள் நிற்கும். மண்டலமும் அப்படியே. பெரிய மண்டலம் சிறியதை விழுங்கினால், நடுவில் எல்லாம் கலந்துவிடும். ஓரத்திலோ, சிதறிய நட்சத்திரங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் இழையாக நிற்கும். அந்த இழைகளைப் பார்த்து, மண்டலம் எதை எதை விழுங்கி வளர்ந்தது என்று சொல்லலாம்.

அந்த ஒளி, இருண்ட இரவு வானத்தின் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதைப் பிடிக்க, 'தும்பி' என்று பெயரிட்ட ஒரு டெலஸ்கோப்பை அமெரிக்காவில் அமைத்தார்கள். கடையில் விற்கும் 8 காமிரா லென்சுகளைச் சேர்த்துக் கட்டியது அது! பிறகு லென்சுகள் 48 ஆயின.

அதைக் கோமா கூட்டத்தின் பக்கம் திருப்பினார்கள். அதுவரை யாருக்கும் தெரியாதிருந்த 47 மங்கல் மண்டலங்கள் அகப்பட்டதாக 2015-ல் அறிவித்தார்கள்.

வெறும் வெளி என்று பலர் நினைத்தபோது, சுவிக்கி ஒளியைக் கண்டது அதே கோமாவில்தான்.