29 வயதுக் கவிஞரும் ஐம்பதைத் தாண்டிய நாங்களும்

யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களிடம் மனக்கஷ்டம் பற்றிக் கேட்டால் நேரான பதில் வராது. கதை மழைக்கும் வெங்காய விலைக்கும் மாறிவிடும். ஆனால் தேநீர்க்கடை றேடியோவில் பழைய எம்.ஜி.ஆர் படப் பாட்டொன்று போனால் அதே ஆண்கள் கதையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நானும் அப்படிப்பட்ட ஒருவன்தான். எங்களை நிமிர்ந்து இருக்கச் செய்த அந்தப் பாட்டுகளில் பலவற்றை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். ஒக்டோபர் 8 அவர் மறைந்த நாள்.

1930 ஏப்ரல் 13இல் பட்டுக்கோட்டைக்கு அருகே செங்கப்படுத்தான்காடு என்ற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. மாடு மேய்த்தார், மாம்பழமும் இட்லியும் விற்றார், மீனும் நண்டும் பிடித்தார், தண்ணீர் வண்டி ஓட்டினார், நாடகத்தில் நடித்தார். உப்பளத்திலும் வேலை செய்தார். ஆனையிறவு உப்பளத்தில் வெயிலில் நின்ற எங்கள் ஆட்களுக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

தஞ்சை மாவட்டத்தில் நிலமில்லாத உழவர்கள் சங்கம் அமைத்துப் போராடிய காலம் அது. கல்யாணசுந்தரம் கம்யூனிஸ்ட் கட்சியோடும் விவசாய இயக்கத்தோடும் சேர்ந்து நின்றார். புதுச்சேரியில் பாரதிதாசனிடம் தங்கித் தமிழ் கற்றார். 1950களின் நடுப்பகுதியில் சினிமாவுக்குப் பாட்டு எழுதத் தொடங்கினார். அவருக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் மட்டுமே.

அதற்குள் அவர் செய்தது கொஞ்சமல்ல. 1959இல் வந்த ஸ்ரீதரின் கல்யாணப்பரிசு படத்துக்கு ஏ.எம்.ராஜா இசையில் காதலையும் பிரிவையும் எழுதினார். நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர் 1958இல் தானே இயக்கி நடித்த நாடோடி மன்னனுக்கு, டி.எம்.சௌந்தரராஜன் பாடிய விழிப்புப் பாட்டை எழுதினார். தூங்கி நேரத்தைத் தொலைக்காதே என்று தம்பிக்குச் சொல்லும் பாட்டு அது. அரசிளங்குமரியில் சிறுவனுக்குப் புத்தி சொல்லும் பாட்டும், திருடாதே படத்தில் திருட்டே இல்லாத சமுதாயத்தைப் பற்றி எழுதிய பாட்டும் 1961இல்தான் திரைக்கு வந்தன. அவற்றைத் திரையில் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1959 ஒக்டோபர் 8இல், 29 வயதில் இறந்துபோனார். மணமுடித்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மனைவி கௌரவாம்பாளின் கையில் ஆண் குழந்தை இருந்தது.

இந்தப் பாட்டுகள் எங்கள் வீடுகளுக்கு வந்தது இலங்கை வானொலி வழியாக. கலியாண வீட்டு ஒலிபெருக்கியிலும் கோயில் திருவிழாவிலும் அவற்றைக் கேட்டு வளர்ந்தோம். 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்டோம். சுற்றுகிற கை சோர்ந்தால் பாட்டும் இழுபடும். அடுத்தவர் வந்து பிடித்துக்கொள்வார். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது றேடியோவைப் பற்றி நினைக்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. ஆனாலும் அந்தப் பாட்டுகள் மனப்பாடமாக எங்களோடு வந்தன.

இன்று அந்த விழிப்புப் பாட்டைக் கேட்கும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அது உறங்குகிறவனுக்கு எழுதிய பாட்டு. எங்கள் ஊரில் என் வயது ஆண்கள் பலருக்கு நித்திரையே வருவதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருப்பவரிடமும், கடனை எண்ணிக்கொண்டு விடிய விடியக் கிடப்பவரிடமும் தூங்காதே என்றால் என்ன அர்த்தம்? சோம்பலால் யாரும் இங்கே வீழ்ந்துவிடவில்லை. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த பலரின் தோட்டக் காணி, உயர் பாதுகாப்பு வலயமாகக் கம்பி வேலிக்குள் பல ஆண்டுகள் கிடந்தது. உழைக்கத் தயாராக இருந்தவருக்கு உழைக்க நிலம் இல்லை.

ஆனால் கல்யாணசுந்தரம் புத்தி மட்டும் சொன்னவர் அல்லர். அதே நாடோடி மன்னனில் இன்னொரு பாட்டும் எழுதினார். வயல் விளைந்தும் பாடுபட்டவன் கை ஏன் வெறுமையாக இருக்கிறது என்று ஒரு பெண் கேட்கிறாள். ஆண் அவளுக்கு நம்பிக்கை சொல்லப் பார்க்கிறான். அவள் விடவில்லை, திரும்பத் திரும்பக் கேட்கிறாள். எங்கள் வயதுக்காரருக்கு நான் சொல்ல விரும்புவது அந்தப் பாட்டைத்தான். தைரியம் என்பது வாயை மூடிப் பல்லைக் கடித்திருப்பது என்று எங்களுக்குச் சொல்லித்தந்துவிட்டார்கள். நடந்தது என்ன, எங்களுடையது எங்கே என்று சத்தமாகக் கேட்பதும் தைரியம்தான். உப்பளத்திலும் வயலிலும் நின்றவருக்கு அது தெரிந்திருந்தது.

1981இல் தமிழ்நாடு அரசு பாரதிதாசன் விருதை அவருக்கு வழங்கியபோது அவர் இறந்து 22 ஆண்டுகள் ஆகிவிட்டன. பின்னர் பாடல்கள் நாட்டுடைமையாயின. பட்டுக்கோட்டையில் மணிமண்டபமும் இருக்கிறது. எங்களிடம் அப்படியொன்றும் இல்லை. தேநீர்க்கடை வாங்கு மட்டும் உண்டு. அடுத்த முறை அவருடைய பாட்டு முடிந்ததும் உடனே வெங்காய விலைக்குப் போகாமல், பக்கத்தில் இருக்கும் மனிதரிடம் இரவில் நித்திரை வருகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் வரக் கொஞ்ச நேரம் எடுத்தாலும் எழும்பிப் போகாமல் இருக்கலாம்.