பாசிக்குள் கரடி தேடிய மர்ரே

மழைக்காலத்தில் முதலியார்பேட்டைப் பக்கம் பழைய மதில்களைப் பாருங்கள். பச்சைப் பட்டு விரித்ததுபோல் பாசி படர்ந்திருக்கும். சட்டையில் பட்டால் கறை என்று ஒதுங்கிப் போவோம். இப்படிப்பட்ட பாசிக்குள் கரடி தேடினார் ஒருவர்! அவர் பெயர் ஜேம்ஸ் மர்ரே.

கரடி என்றதும் பயப்பட வேண்டாம். இது நீர்க்கரடி. பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். எட்டுக் கால்கள்; கால் நுனியில் நகங்கள். கரடிபோல் அசைந்து அசைந்து நடக்கும். 1773-ஆம் ஆண்டில் கோட்சே என்ற ஜெர்மன் பாதிரியார் இதைப் பற்றி எழுதினார். பாசி காய்ந்தால் இந்தப் பிராணியும் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, குட்டிப் பீப்பாய்போல் சுருங்கிவிடும். செத்துவிட்டது என்றே நினைப்போம். தண்ணீர் பட்டதும் எழுந்து நடக்கும்!

மர்ரே 1865-இல் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரில் பிறந்தார். 1902-இல் அந்நாட்டு ஏரிகளை அளக்கும் பெரிய வேலையில் சேர்ந்தார். மொத்தம் 562 ஏரிகளை அளந்தார்கள். அதை நடத்தியவர் கடல் விஞ்ஞானி சர் ஜான் மர்ரே. பெயர்தான் ஒன்று, உறவு கிடையாது.

மற்றவர்கள் ஆழத்தை அளந்தார்கள். இவரோ பாசியைத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, அடியில் தங்கிய வண்டலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கண் வலிக்கும் வேலைதான். ஆனால் புதுப்புது நீர்க்கரடிகள் அகப்பட்டன. நம் நாட்டுச் சிக்கிம் மலைப் பாசியையும் அவர் விடவில்லை. அதிலிருந்த நீர்க்கரடிகளைப் பற்றி 1907-இல் கட்டுரை எழுதினார்.

அதே ஆண்டு ஷாக்கிள்டனின் நிம்ராட் கப்பலில் தென் துருவப் பக்கம் புறப்பட்டார். அங்கே உறைந்த ஏரிகளின் பனிக்கட்டியைத் தோண்டினார்கள். அதிலிருந்த நுண்ணுயிர்களை மர்ரே உருக்கினார், மீண்டும் உறையவைத்தார், சூடும் காட்டினார். எத்தனையோ பிழைத்துக்கொண்டன!

பிறகு அயர்லாந்தின் கிளேர் தீவில் செடி, பறவை, பூச்சி எதையும் விடாமல் கணக்கெடுத்தார்கள். நீர்க்கரடிக் கணக்கு மர்ரேயின் பங்கு. 1911-இல் பொலிவியாக் காட்டுக்குப் போய், நோயில் விழுந்து, சாவின் வாசல்வரை சென்று திரும்பினார்.

அதோடு வீட்டில் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1913-இல் கார்லுக் என்ற கப்பலில் வட துருவக் கடலுக்குப் புறப்பட்டார். ஆகஸ்டில் கப்பல் பனியில் சிக்கியது. 1914 ஜனவரி 11-ஆம் தேதி பனி அதை நொறுக்கி மூழ்கடித்தது.

உயிர் தப்பியவர்கள் பனிமேல் கூடாரம் அடித்தார்கள். பொறுத்துப் போகலாம் என்றார் கேப்டன் பார்ட்லெட். மர்ரே கேட்கவில்லை. தென் துருவத்தில் கூட இருந்த டாக்டர் மக்கேயும் இன்னும் இருவரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். நேர்வதற்குத் தாங்களே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிப்ரவரி 5-ஆம் தேதி கிளம்பினார்கள். இழுக்க நாய்கள் இல்லை. சறுக்குவண்டியைத் தாங்களே இழுத்தார்கள்.

வழியில் கப்பல் ஆட்கள் சிலர் அவர்களைக் கண்டார்கள். ஒருவர் பனியில் கைகால் விறைத்துப் பின்தங்கிக் கிடந்தார். மர்ரேயும் மக்கேயும் தளர்ந்திருந்தார்கள். திரும்பி வரும்படி அழைத்தும் வரவில்லை. நால்வரையும் பிறகு எவரும் பார்க்கவில்லை. அப்போது மர்ரேக்கு வயது 48.

கூடாரத்தில் காத்திருந்தவர்களில் பலர் அந்த ஆண்டு செப்டம்பரில் மீட்கப்பட்டார்கள். 1988-இல் நீர்க்கரடிகளில் ஒரு பேரினத்துக்கு விஞ்ஞானிகள் புதிதாகப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர், மர்ரேயான்.