பறவை தேடி வந்த ஹியூம்

காங்கிரசைத் தோற்றுவித்தவர் யாரென்று கேட்டால் பள்ளிச் சிறுவனும் ஹியூம் என்பான். அதே ஹியூம் நம் அந்தமான் கடலில் பறவை தேடி அலைந்தவர் என்பதை, படிக்கவும் பிழைக்கவும் கடல் கடந்து வந்த நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1829-இல் பிறந்தார். 1849-இல் இந்தியா வந்து, பின்னர் எட்டாவாவில் மாவட்ட ஆட்சியரானார். உப்பு வரிக்காக நாட்டின் குறுக்கே முள்வேலி வளர்த்த சுங்கத் துறைக்கும் சில காலம் தலைவர். அந்தப் பதவியைப் போற்ற நமக்கு மனம் வராது. ஆயினும் அப் பயணங்களிலும் அவர் பறவைகளைக் குறித்து வைத்தார்.

1873-இல் நிக்கோபார், அந்தமான் தீவுகளைச் சுற்றியவர் நார்கொண்டத்திலும் இறங்கினார். வட அந்தமானுக்குக் கிழக்கே, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தன்னந்தனியே நிற்கும் எரிமலைத் தீவு அது. பரப்பு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர்தான். அங்கே வாழ்ந்த இருவாட்சி வேறெங்கும் இல்லாத இனம் என்று அவ்வாண்டே உலகுக்கு அறிவித்தார். அறிய வேண்டிப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்; அக்கால முறை அது. இன்று படிக்கும் நமக்கு நெஞ்சு உறுத்தத்தான் செய்கிறது.

அத் தீவின் வாழ்க்கைக் கணக்கு எளியது. அத்தியும் பிற மரங்களும் பழம் தருகின்றன. இருவாட்சி அதை விழுங்கி, விதையைத் தொலைவில் போடுகிறது. மரம் முதிர்ந்து பொந்து விழுந்தால், அதில் பெண்பறவை தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடுகிறது. ஆண்பறவை இரை ஊட்டுகிறது. 1969-இல் காவல் நிலையம் அமைந்தபின், உணவுக்கெனக் கொண்டுவந்த ஆடுகள் காட்டுக்குள் பெருகி நாற்றுகளை மேய்ந்தன. நின்ற மரங்கள் நின்றபடியே இருந்தன. பார்ப்பவருக்குக் கேடு தெரியாது. இளமரம் இல்லையென்றால் ஒரு தலைமுறை கழித்துப் பழமும் இல்லை, பொந்தும் இல்லை! நல்லவேளை, ஆடுகள் பின்னர் அகற்றப்பட்டன. அங்கு ராடார் அமைக்கும் திட்டத்தை 2012-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. 2014-இல் அதே அமைச்சகம் இசைந்தது.

ஹியூமின் கதைக்கு வருவோம். 1879-இல் மேலிடத்தோடு முரண்பட்டுப் பதவியிறக்கப்பட்டார். 1882-இல் பணி துறந்தார். இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுதச் சேர்த்திருந்த கையெழுத்துத் தாள்களை, அவர் சிம்லாவில் இல்லாத வேளையில் வேலையாள் ஒருவர் கடைத்தெருவில் பழைய தாளாக விற்றுவிட்டார். இருபத்தைந்து ஆண்டு உழைப்பு பொட்டலம் கட்டப் போயிற்று! மனமொடிந்தவர், 80,000-க்கு மேற்பட்ட தோல்களையும் முட்டைகளையும் 1885-இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். காங்கிரசு கூடியதும் அவ்வாண்டே.

முதுமையில் பறவையை விட்டுச் செடிகொடிகளை நாடினார். 1910-இல் தென் லண்டனில் தாவரவியல் கழகம் ஒன்றை நிறுவி, 1912-இல் மறைந்தார்.