மறுப்பின் வரலாறு: சாமுவேல் ரிச்சர்ட்சனின் வாழ்வும் காதல் புதினத்தில் இசைவும்

ஆய்வுச் சுருக்கம்

காதல் புதினங்களில் தலைவியின் இசைவு எவ்வாறு காட்டப்படுகிறது என்பது இன்று பரவலாக விவாதிக்கப்படுகிறது. தலைவன் இழைத்த வன்முறையைத் திருமணத்தால் நேர்செய்யும் கதைத் திருப்பம் அவ்விவாதத்தின் மையமாக உள்ளது. இச்சிக்கல் 18ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலப் புதின ஆசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சனின் (1689–1761) எழுத்துவாழ்வில் முழு வடிவம் பெற்றது. தம் முதற்புதினத்தில் அத்திருப்பத்தைக் கையாண்ட அவர், இரண்டாம் புதினத்தில் அதனை மறுத்தார். அம்மாற்றத்தை அவரது வாழ்க்கை வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ரிச்சர்ட்சன், கடிதப் புதினம், இசைவு, பமீலா, கிளாரிசா, வாசகர் எதிர்வினை.

முன்னுரை

ஆங்கிலப் புதின வரலாற்றில் ரிச்சர்ட்சன், கடித வடிவத்தை உள்ளத்தின் கருவியாக்கியவர் என்று போற்றப்படுகிறார். அவர் எழுதிய மூன்று புதினங்களும் ஒரே வினாவைச் சுற்றி அமைந்தவை என்பது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஒரு பெண் மறுக்கும்போது அம்மறுப்பு மறுப்பாகவே ஏற்கப்படுமா என்பதே அவ்வினா. அதற்கு அவர் 1740இல் அளித்த விடையும் 1748இல் அளித்த விடையும் வேறுவேறானவை.

பிறருக்காகக் கடிதம் எழுதிய சிறுவன்

ரிச்சர்ட்சன் 1689இல் டார்பிஷயரின் மாக்வொர்த் என்னும் சிற்றூரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். மகனைச் சமயப் பணிக்கு அனுப்பத் தந்தை விரும்பினார். பொருள்நிலை இடம் தரவில்லை. உயர்கல்வி வாய்க்காத சிறுவனுக்குக் கடிதம் எழுதும் திறமை இளமையிலேயே கைவந்தது. ஏறத்தாழப் பதின்மூன்று வயதில், அக்கம்பக்கத்து இளம்பெண்கள் மூவர் தம் காதலர்க்கு எழுத வேண்டிய விடைக்கடிதங்களை அவனைக் கொண்டு எழுதுவித்தனர். ஒருத்தியின் இரகசியத்தை மற்றவளுக்கு அவன் வெளியிட்டதில்லை. வெளிப்படையாக மறுத்தெழுதச் சொல்லும் பெண்ணின் உள்ளத்தில் வேறொன்று இருக்கக்கூடும் என்பதை அவன் அக்கடிதங்களின்வழி அறிந்தான். பின்னாளில் தம் வாழ்வை நினைவுகூர்ந்து எழுதியபோது ரிச்சர்ட்சன் இந்நிகழ்வைப் பதிவுசெய்துள்ளார்.

இவ்வனுபவம் இருமுனை கொண்டது. பெண்மனத்தின் நுட்பங்களை அது அவருக்குக் காட்டியது. அதே வேளையில், பெண்ணின் மறுப்புக்குள் இசைவு மறைந்திருக்கும் என்ற எண்ணத்தையும் அது விதைத்திருக்கக்கூடும். அவரது முதற்புதினத்தில் இவ்விரண்டும் ஒருங்கே காணப்படுகின்றன.

1706இல் இலண்டனில் ஜான் வைல்டு என்னும் அச்சாளரிடம் தொழில் பயிலச் சேர்ந்த அவர், 1721இல் அவர் மகள் மார்த்தாவை மணந்தார். அம்மணத்தில் பிறந்த குழந்தைகள் அனைவரையும் சாவு கொண்டுபோனது. மார்த்தாவும் 1731இல் மறைந்தார். 1733இல் எலிசபெத் லீக்கை அவர் மணந்தார். இம்மணத்தில் பிறந்தவருள் நான்கு பெண்மக்கள் நிலைத்தனர். ஃபிளீட் தெருவை அடுத்த சாலிஸ்பரி கோர்ட்டில் இருந்த அவரது அச்சகம், மக்களவையின் நாட்குறிப்புகளை அச்சிடும் நிலைக்கு உயர்ந்தது. ஐம்பது வயதுவரை அவர் புதின ஆசிரியர் அல்லர். தேர்ந்த அச்சாளர் மட்டுமே.

பமீலா: பரிசாக வந்த திருமணம்

ரிவிங்டன், ஆஸ்பர்ன் என்னும் நூல் வணிகர் இருவர், எளிய மக்களுக்குக் கடிதம் எழுதக் கற்பிக்கும் மாதிரி நூலொன்றை அவரிடம் வேண்டினர். பணிப்பெண்ணாகச் செல்லும் மகள் தலைவனின் தீய எண்ணத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்வது குறித்து அந்நூலுக்கு எழுதுகையில், பல்லாண்டுகளுக்கு முன் கேள்விப்பட்ட உண்மை நிகழ்ச்சியொன்று அவர் நினைவுக்கு வந்தது. மாதிரி நூலை ஒதுக்கி வைத்துவிட்டு, 1739 நவம்பர் 10 முதல் 1740 ஜனவரி 10 வரையிலான இரண்டே மாதங்களில் 'பமீலா'வை அவர் எழுதினார். நூல் 1740 நவம்பரில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது.

பதினைந்து வயதுப் பணிப்பெண் பமீலாவைத் தலைவன் திரு. பி பலமுறை அத்துமீறி அணுகுகிறான். பெற்றோரிடம் அனுப்புவதாகச் சொல்லி, தன் லிங்கன்ஷயர் மாளிகையில் சிறைவைக்கிறான். பொருளும் நிலமும் தருவதாக ஆசைகாட்டி அவளை வைப்பாக இருக்க அழைக்கும் ஒப்பந்தத்தை அவன் எழுதித் தர, அவள் அதன் ஒவ்வொரு கூற்றையும் மறுத்து எழுதுகிறாள். பணிப்பெண் வேடத்தில் இரவில் அவள் படுக்கையறையில் நுழைந்த முயற்சி, அவள் மயங்கி விழுந்ததால் நின்றுபோகிறது.

கதை இங்கே திரும்புகிறது. அவள் மறைத்து வைத்திருந்த கடிதங்களைத் திரு. பி வற்புறுத்திப் பெற்றுப் படிக்கிறான், மனம் மாறுகிறான், அவளை விடுவித்து அனுப்புகிறான். வழியில் வந்துசேரும் அவனது கடிதத்தைக் கண்டு அவள் தானே திரும்பி வருகிறாள். திருமணம் நிகழ்கிறது.

சிறையிலிருந்து விடுபட்டபின் தன் விருப்பத்தால் திரும்புவது பமீலாவின் இசைவுக்குச் சான்றாக அமைய வேண்டும் என்பது ஆசிரியரின் நோக்கம். அச்சுறுத்தலின்கீழ்ப் பெறப்படும் இசைவு இசைவாகாது என்பதை அவர் உணர்ந்திருந்ததாலேயே விடுதலைக்குப்பின் திரும்புதலை அமைத்தார் எனலாம். ஆயினும் தலைவனின் மனமாற்றத்துக்குக் காரணமாவது, அவளது ஒப்புதலின்றி அவள் எழுத்தைப் படித்த செயலே. ஓர் அத்துமீறல் காதலின் வாயிலாக மாறுகிறது. முன்நிகழ்ந்த அத்துமீறல்கள் அனைத்தும் திருமணத்தால் பொருளிழந்து போகின்றன.

ஓராண்டுக்குள் ஐந்து பதிப்புகள் கண்ட அந்நூலுக்கு எதிர்ப்பும் விரைந்து எழுந்தது. ஹென்றி ஃபீல்டிங் 1741இல் 'ஷமீலா' என்னும் பகடி நூலில், பமீலாவின் மறுப்பு முழுவதும் விலையேற்றும் தந்திரமே என்று காட்டினார். அதே ஆண்டில் எலைசா ஹேவுட்டின் 'ஆன்டி-பமீலா'வும் வெளிவந்தது. மறுப்பின் முடிவில் பரிசு வைக்கப்படும்போது, அம்மறுப்பு உண்மையானதா என்ற ஐயம் வாசகரிடம் எழுவது இயல்பே. இப்பகடிகள் பெண்ணை இழிவுபடுத்தின என்பது உண்மை. ஆனால் 'பமீலா'வின் கட்டமைப்பில் இருந்த பிளவை அவை சரியாகவே தொட்டன.

கிளாரிசா: சரிசெய்ய இயலாத குற்றம்

'கிளாரிசா' ஏழு தொகுதிகளாக 1747 டிசம்பர், 1748 ஏப்ரல், 1748 டிசம்பர் என மூன்று தவணைகளில் வெளிவந்தது. செல்வக் குடும்பத்துப் பெண்ணான கிளாரிசா ஹார்லோவை, அவள் வெறுக்கும் சோல்ம்ஸுக்கு மணம்செய்விக்கக் குடும்பம் வற்புறுத்துகிறது. காமுகனாகிய லவ்லேஸ் உதவுவதாகக் கூறித் தோட்ட வாயிலுக்கு அவளை வரவழைக்கிறான். உடன்செல்வதில்லை என்று முடிவுசெய்தே அவள் வருகிறாள். தாங்கள் பிடிபட்டதாகப் பொய்யான கூச்சலை எழுப்பி அவன் அவளை அழைத்துச் சென்றுவிடுகிறான். உலகின் கண்ணில் அவள் தானே ஓடிப்போனவளாகிறாள். மருந்து கொடுத்து உணர்விழக்கச் செய்தபின், இலண்டனில் ஒரு பரத்தையர் இல்லத்தில் அவன் அவளை வன்புணர்கிறான்.

இந்நிகழ்வை ரிச்சர்ட்சன் கையாண்ட முறை நோக்கத்தக்கது. நூறு சூழ்ச்சிகளைப் பக்கம்பக்கமாக எழுதிய லவ்லேஸ், செயல் முடிந்ததைச் சில சொற்களில் தெரிவித்து நிறுத்திக்கொள்கிறான். காட்சி இல்லை, வாசகர் சுவைக்க ஏதுமில்லை. அடுத்து வருபவை கிளாரிசா எழுதிக் கிழித்தெறிந்த தாள்களின் துண்டுகளே. மயக்க நிலையிலிருந்த பெண்ணிடம் இசைவுக்கு இடமே இல்லை என்பதைக் கதை ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக்குகிறது.

லவ்லேஸின் கணக்கு வேறு. பின்னர் மணந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் நம்புகிறான். அவன் உறவினர் அதை விரும்புகின்றனர். கிளாரிசாவின் உயிர்த்தோழி அன்னா ஹோவும் திருமணத்தையே அறிவுறுத்துகிறாள். அக்காலச் சட்டச் சிந்தனையும் இதற்குத் துணைநின்றது. 1736இல் அச்சான மாத்யூ ஹேலின் குற்றவியல் நூல், திருமணத்தின்வழி மனைவி தந்த இசைவைத் திரும்பப் பெற இயலாது என்று கூறியது. இங்கிலாந்தில் அக்கருத்து 1991இல்தான் பிரபுக்கள் அவைத் தீர்ப்பால் முற்றாக நீக்கப்பட்டது. இச்சூழலில் கிளாரிசா திருமணத்தை மறுக்கிறாள். நிகழ்ந்த குற்றத்துக்குப் பின்னேற்பு வழங்க அவள் உடன்படவில்லை. 'பமீலா'வில் பரிசாக வந்த திருமணம், 'கிளாரிசா'வில் குற்றத்தை மூடும் போர்வையாகத் தோன்றுகிறது.

வாசகியரின் வேண்டுகோளும் ஆசிரியரின் உறுதியும்

தவணைகளுக்கு இடையில் கிடைத்த காலம் வாசகர்க்குத் தலையிட வாய்ப்பளித்தது. துன்ப முடிவு வரவிருப்பதாகக் கேள்விப்பட்ட பிராட்ஷெய் சீமாட்டி, 1748 அக்டோபரில் பெல்ஃபோர் என்னும் புனைபெயரில் ரிச்சர்ட்சனுக்கு எழுதினார். லவ்லேஸைத் திருத்தி கிளாரிசாவுக்கு மணம்செய்து வைக்குமாறு அவர் மன்றாடினார். அவ்வேண்டுகோளில் தனித்திருந்தவர் அவர் அல்லர். அவருடைய சகோதரி எக்லின் சீமாட்டி பின்னர், வன்புணர்வே நிகழாத மாற்று முடிவொன்றைத் தாமே எழுதினார்.

ரிச்சர்ட்சன் இணங்கவில்லை. இளமை முழுவதும் பெண்களை அழித்தவன் இறுதியில் மிகச் சிறந்த பெண்ணையே பரிசாகப் பெறுவானாயின், அது இளைஞர்க்கு எத்தகைய பாடமாகும் என்பது அவரது வாதத்தின் சாரம். திருந்திய காமுகனே சிறந்த கணவன் என்ற அக்கால நம்பிக்கையை நூலின் முன்னுரையிலேயே அவர் ஆபத்தானதாகச் சுட்டியிருந்தார். எட்டாண்டுகளுக்கு முன் அந்நம்பிக்கைக்கு வலுச்சேர்த்த கதையை எழுதியவரும் அவரே என்பதால் அவ்வெச்சரிக்கை தன் எழுத்தைத் தானே திருத்திக்கொண்டதாகவும் அமைகிறது.

எனினும் வாசகர் பலர் லவ்லேஸின் சொல்வன்மையில் மயங்கினர். அதனால் கலங்கிய ரிச்சர்ட்சன், 1751இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவனது கொடுமையை மேலும் வெளிப்படுத்தும் பகுதிகளைச் சேர்த்தார். முன்பதிப்பை வாங்கியவர்க்காக அப்பகுதிகளைத் தனி நூலாகவும் அச்சிட்டார். வன்முறையாளனுக்குக் கவர்ச்சியான குரலைத் தந்தபின் வாசகரின் ஈர்ப்பைக் கட்டுப்படுத்துவது எத்துணை அரிது என்பதை இம்முயற்சி காட்டுகிறது. கடித வடிவம் ஒவ்வொரு மாந்தருக்கும் தன்கூற்று உரிமை தருகிறது. லவ்லேஸும் அதற்கு விலக்கல்லன்.

கிராண்டிசனும் ஓர் எல்லையும்

நல்ல ஆண்மகன் ஒருவனைப் படைக்குமாறு வாசகியர் வேண்டியதன் பயனாக 'சர் சார்லஸ் கிராண்டிசன்' 1753–54இல் வெளிவந்தது. அதன் கையெழுத்துப்படியைத் தம் நார்த் எண்ட் இல்லத்தில் நண்பர் குழுவுக்கு அவர் படித்துக்காட்டியதை, குழுவில் ஒருவரான சுசன்னா ஹைமோர் ஓவியமாக வரைந்துள்ளார். முகமூடி விருந்திலிருந்து கடத்தப்பட்ட ஹேரியட் பைரன், பாதிரியார் முன்னிலையில் கட்டாய மணத்துக்கு உட்படுத்தப்படுகிறாள். அவள் விடாது மறுப்பதால் சடங்கு நிறைவேறாது போகிறது. இரகசியத் திருமணங்களைத் தடுக்கும் ஹார்ட்விக் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டும் 1753 என்பது குறிப்பிடத்தக்கது.

ரிச்சர்ட்சனின் சிந்தனைக்கு எல்லையும் இருந்தது. சாமுவேல் ஜான்சனின் 'ராம்ப்ளர்' இதழில் 1751இல் அவர் எழுதிய கட்டுரை, ஆடவன் தன் காதலைத் தெரிவிக்குமுன் பெண் அவன்மீது காதல் கொள்வது தகாது என்ற கருத்தை முன்வைத்தது. பெண்ணுக்கு மறுக்கும் உரிமையை அவர் முழுமையாக வழங்கினார். விரும்பும் உரிமையை வழங்கத் தயங்கினார். கிளாரிசாவின் மறுப்புக்கு இறப்பைத் தவிர வேறு வாழ்வை அவரால் கற்பனை செய்ய இயலாமற் போனதையும் இதனோடு இணைத்துக் காணலாம்.

இறுதி ஆண்டுகளில் கைநடுக்கம் மிகுந்து எழுதுகோல் பிடிப்பதும் அவருக்குக் கடினமாயிற்று. பிராட்ஷெய் சீமாட்டியுடனான கடிதத் தொடர்பு மட்டும் நீடித்தது. 1761 ஜூலை 4 அன்று இலண்டனில் மறைந்த அவர், அச்சகத்தை ஒட்டிய புனித பிரைடு தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

முடிவுரை

ரிச்சர்ட்சனுக்குப்பின் காதல் புதினம் பெரிதும் 'பமீலா'வின் தடத்திலேயே நடந்தது. 1972இல் வெளியான கேத்லீன் வுடிவிஸ்ஸின் 'தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்', வன்புணர்ந்தவனே காதற்கணவனாக மாறும் கதையைப் பெரும் வாசகப் பரப்புக்குக் கொண்டுசென்றது. இன்றைய வாசகர் அத்திருப்பத்தைக் கேள்விக்குள்ளாக்கும்போது, அது பழைய எழுத்துமீது இக்கால அளவுகோலைச் சுமத்தும் செயல் என்று சிலர் கருதலாம். ரிச்சர்ட்சனின் வாழ்வு அக்கருத்தை ஏற்க இடம் தரவில்லை. அவ்வளவுகோல் அக்காலத்திலேயே இருந்தது. அதனைத் தம் முதற்புதினத்தின்மீதே வைத்துப் பார்த்தவர் போல, அடுத்த புதினத்தை அவர் எழுதினார். அன்பு மிகுந்த வாசகியரே மாற்று முடிவு வேண்டி மன்றாடியபோதும், கிளாரிசாவின் மறுப்பை அவர் மாற்றி எழுதவில்லை. தலைவியின் சொல்லைவிட வாசகரின் நிறைவு பெரிதாகக்கூடாது என்பதே அவரது எழுத்துவாழ்வு புதினக்கலைக்கு விட்டுச்சென்ற கடினமான பாடமாகும்.