கணித மேதை இராமானுஜன்

கணித உலகில் பெரும்புகழ் எய்திய சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளிப் பருவத்திலேயே இரண்டின் வர்க்கமூலத்தைப் பல தசம இடங்கள்வரை ஒப்பித்து உடன்பயில்வோரை வியக்கச் செய்வார். வறுமையுடன் சென்னைக்கு வந்த நாளில், காகிதம் வாங்கப் பொருளின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து அழித்து எழுதினார். 1912இல் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். பேராசிரியர் ஹார்டியின் முயற்சியால் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அவரை மின்னலெனப் பெருக்கும் வித்தைக்காரர் என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. பெரிய எண்களை நாம் பெருக்கும் முறையிலேயே அவரும் பெருக்கினார். விரைவும் திருத்தமும் மிகுந்திருந்தன, அவ்வளவே. மனக்கணக்குப் போட்டியில் மேஜர் மக்மகான் என்பார் அவரைப் பன்முறை வென்றாராம்!

பின் அவர் பெருமை எதில் உள்ளது? இங்கிலாந்தில் நோயுற்றுக் கிடந்த அவரைக் காண ஹார்டி ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729. அது சுவையற்ற எண் எனக் கருதினார் ஹார்டி. இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு இயல் எண்களின் கனங்களைக் கூட்டி, இருவேறு வழிகளில் பெறத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று விளக்கினார். மாணவர்களே, நீங்களே பெருக்கிப் பாருங்கள். பன்னிரண்டின் கனம் 1728. அதனோடு ஒன்றின் கனத்தைக் கூட்டுக. பத்தின் கனம் 1000. ஒன்பதின் கனம் 729. இவ்வியல்பை அவர் அந்நொடியில் கணக்கிட்டுக் கண்டாரல்லர். பல ஆண்டுகளுக்கு முன்னரே தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்.

1919இல் நோயுடனேயே சென்னை திரும்பி, மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் சிலகாலம் தங்கினார். 1920 ஜனவரியில், தாம் புதிதாகக் கண்ட சார்புகளைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். அதற்கு நான்கு நாள் முன்புவரை அவர் கணக்கிட்டுக்கொண்டே இருந்ததாக அவர்தம் துணைவியார் ஜானகி அம்மையார் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.