படகில் கிடைத்த விடை

தொலைவு கூடக் கூடத் தொலைபேசிக் குரல் மெலியும். அதை வலுப்படுத்த வழிநெடுகப் பெருக்கிகளை வைத்தால், ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் குரலைச் சற்றே திரித்துவிடும். பல நூறு பெருக்கிகளைக் கடந்தபின் எஞ்சுவது இரைச்சல்தான். அமெரிக்கப் பொறியாளர் ஹரால்டு பிளாக் (1898-1983) இச்சிக்கலோடு ஆறாண்டுகள் போராடினார்.

1927 ஆகஸ்ட் 2 காலை, பெல் ஆய்வகத்துக்குச் செல்ல ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்தபோது விடை கிடைத்தது. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கமொன்றிலேயே அதை எழுதிக் கையொப்பமிட்டார். வெளியீட்டில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளீட்டுக்கே திருப்பியனுப்புவதுதான் அவர் கண்ட எதிர்ப் பின்னூட்டம். பெருக்கியில் நேரும் திரிபின் எதிருரு உள்ளே சென்று அத்திரிபையே தணிக்கும். இதற்கு விலை, பெருக்கும் திறனில் பெரும்பகுதி. பாடுபட்டு ஈட்டியதைப் பாழாக்குவதாகப் பிறருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால், குறைந்த திறனை மேலும் சில வால்வுகளைச் சேர்த்து மீட்கலாம். குலைந்த குரலை எதைச் சேர்த்தும் மீட்க இயலாது. இந்த வேறுபாட்டை உணர்ந்ததே பிளாக்கின் மேதைமை. அவ்வாண்டு டிசம்பர் சோதனையில் திரிபு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

காப்புரிமை அலுவலகம் எளிதில் நம்பவில்லை. பிரிட்டனிலோ, எரிபொருளின்றி என்றென்றும் ஓடும் எந்திரம் போன்ற வீண்கற்பனையாகவே அதைக் கருதினர். 1928-இல் விண்ணப்பித்தவருக்கு அமெரிக்கக் காப்புரிமை 1937 டிசம்பரில்தான் கிடைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, நியூஜெர்சியின் மாரிஸ்டவுனில் நடந்த கள ஆய்வில் அவருடைய பெருக்கிகள் இயங்கிக் காட்டியிருந்தன.