பாராசாரி ஏறிய தேசிங்கு

வென்றோர் புகழைக் கல்வெட்டும் செப்பேடும் காக்கும். தோற்றோர் புகழைக் காப்பது மக்கள் நாவே. அவ்வாறு காக்கப்பெற்றவன் செஞ்சியை ஆண்ட தேசிங்குராசன். தேஜ் சிங் என்பது அவனது இயற்பெயர்.

1698இல் மராட்டியரிடமிருந்து செஞ்சியைக் கைப்பற்றிய மொகலாயர், பின்னர் அதன் காவலைப் புந்தேல இராசபுத்திரராகிய சொரூப்சிங்கிடம் ஒப்படைத்தனர். அவர் மறைந்தபின், மைந்தன் தேசிங்கு புந்தேல்கண்டிலிருந்து வந்து கோட்டைப் பொறுப்பேற்றான்.

கதைப்பாடல் அவனைப் புரவியோடு இணைத்தே போற்றுகிறது. தில்லி அரசவையில் பாராசாரி என்னும் முரட்டுக் குதிரையை அடக்க இயலாது தந்தை சிறைப்பட்டார் என்றும், இளமைந்தன் அதன்மேல் ஏறி அவரை மீட்டான் என்றும் அது கூறும். அவையோர் காணப் புரவித்திறன் காட்டும் வழக்கம் ஐரோப்பாவிலும் உண்டு. ஆங்கு வீரர் இருவர் எதிரெதிரே குதிரையில் விரைந்து ஈட்டியால் மோதுவர். 1559இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி, அவ்விளையாட்டில் முறிந்த ஈட்டியின் சிம்பு முகத்தில் பாய்ந்த காயத்தால் உயிரிழந்தார். தேசிங்குக்கு வாய்த்ததோ விளையாட்டுக் களம் அன்று, போர்க்களம்.

ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கப்பப் பாக்கியைக் கேட்டார். தேசிங்கு தர மறுத்தான். நவாபின் பெரும்படையை எதிர்க்க அவனிடம் இருந்தவை சில நூறு குதிரைகளே. நண்பன் மகபத்கான் மணக்கோலத்தைத் துறந்து, நீலவேணி என்னும் தன் குதிரையில் வந்து சேர்ந்தான் என்பர். 1714 அக்டோபர் 3ஆம் நாள் நடந்த போரில் நண்பர் இருவரும் மாண்டனர். தேசிங்குக்கு அப்போது அகவை 22. அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள்.

வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் நெறியில் நோக்கின், மாற்றான் வலியை எண்ணாது துணிந்தது அவன் பிழையே. அப்பிழைக்கு விலையாகத் தன் உயிரோடு நண்பன் உயிரையும் மனைவி உயிரையும் அவன் ஈந்தான். மக்கள் இதனை அறியாதவர் அல்லர். எனினும் வடபுலத்திலிருந்து வந்த இந்துவும், அவனுக்காக மணமாலையைக் களைந்த இசுலாமியனும் ஒரே களத்தில் வீழ்ந்த நட்பே அவர்கள் நெஞ்சைத் தொட்டது. ஓராண்டும் நிறையாத ஆட்சி முந்நூறு ஆண்டு கடந்து வாழ்வதற்கு அதுவே காரணம்.

செஞ்சியில் கல்யாண மகாலும் குதிரை லாயங்களும் களஞ்சியங்களும் இன்றும் நிற்கின்றன. 2025இல் மராட்டியரின் கோட்டைகளுள் ஒன்றாக அது உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. தென்னார்க்காட்டு மக்களுக்கோ அது என்றும் தேசிங்கு கோட்டையே.